சாலையைக் கடக்க முயன்றபோது

அம்மாவின் மரணம் நாளிதழில் ஆறு வரியில் வந்தது. அந்தத் துண்டைக் கத்தரித்து அவருடைய பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறேன். "கீரை வாங்கச் சென்ற மூதாட்டி" என்று தொடங்கி, நடுவில் "சாலையைக் கடக்க முயன்றபோது" என்று வந்து, "சிகிச்சை பலனின்றி உயிரிழந்தார்" என்று முடிகிறது. அம்மாவுக்கு 63 வயது. முழங்கால் வலி உண்டு. மற்றபடி மூதாட்டி என்ற சொல்லுக்கும் அவருக்கும் தொடர்பே இல்லை. கீரை வாங்கச் சென்றதும் சரியில்லை. வாங்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். பையில் இரண்டு கட்டு சிறுகீரை இருந்தது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ள முடிகிறது. அன்றிலிருந்து இன்றுவரை உறுத்துவது "முயன்றபோது" என்ற சொல்தான். கவனித்துப் பாருங்கள், நம் செய்திகளில் யாரும் சாலையைக் கடப்பதில்லை, கடக்க முயல்கிறார்கள். வெள்ளம் ஓடும் ஆற்றைக் கடக்க முயல்வதுபோல. எழுதிய நிருபர்மீது எனக்குக் குறையில்லை. பத்திரமாகக் கடந்தவரைப் பற்றிச் செய்தி எழுத என்ன இருக்கிறது? ஆனால் வீட்டிலிருந்து எதிர்ச்சாரிக்குப் போய்வருவதே ஒரு முயற்சியாகிவிட்ட ஊரில்தான் அந்தத் தொடர் இவ்வளவு சரளமாக வந்து விழும்.

எங்கள் வீடு சென்னையின் தென்புறம் பள்ளிக்கரணையில், வேளச்சேரி–தாம்பரம் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருக்கிறது. எதிர்ச்சாரியில் பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஓர் அக்கா மாலை நான்கு மணிக்குக் கூடையோடு வந்து உட்காருவார். அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, சில நாள் முருங்கை. எங்கள் பக்கத்துக் கடையிலும் கீரை கிடைக்கும். ஆனால் அது காலையில் வந்து தண்ணீர் தெளித்துத் தெளித்து வாடியது என்பது அம்மாவின் கட்சி. வாரத்துக்கு மூன்று நாளாவது கடந்து போய் வாங்கி வருவார். கீரையைவிட அக்காவோடு பேசுகிற கால்மணி நேரம் அவருக்கு முக்கியம் என்று அப்பா சொல்வார்.

2022 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். பஸ் ஒன்று நிறுத்தத்தில் நின்றிருந்தது. அதன் முன்பக்கமாக அம்மா சாலையில் இறங்கினார். பஸ்ஸை வலப்பக்கமாகத் தாண்டி வந்த மோட்டார் சைக்கிள் மோதியது. சாலை நடுவே இருக்கும் தடுப்பான மீடியனுக்கு இன்னும் ஆறேழு அடிதான் இருந்தது என்று கீரை அக்கா பிறகு காட்டினார். மீடியனில் அந்த இடத்தில் ஓர் இரும்புக் கம்பி பிடுங்கப்பட்டு, ஆள் ஒருவர் பக்கவாட்டாக நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. எங்கள் பகுதியில் அத்தனை பேரும் அந்த வழியாகத்தான் போவோம். நானும் ஆயிரம் முறை போயிருக்கிறேன்.

அம்மாவைத் தூக்கிச் சென்றவர் ஓர் ஆட்டோக்காரர். 108க்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திருக்க மனம் கேட்காமல் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டார். நான் போய்ச் சேர்ந்தபோது சட்டையெல்லாம் இரத்தத்தோடு கேஷுவாலிட்டி வாசலில் நின்றிருந்தார். கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட மாட்டார்களே மேடம்?" என்பதுதான். அப்படிக் கூப்பிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொல்லியிருக்கிறது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவாக அது சேர்ந்துவிட்டது. உதவி செய்தவர் தன் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட இல்லை. காப்பாற்றியவருக்கு அப்போது 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் இருந்தது. இதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரியாமலேயே ஏற்றி வந்தார் என்பதுதான் எனக்கு இன்றும் தொண்டையை அடைக்கிறது.

முதல் இரண்டு நாள் சிகிச்சைக்கு நாங்கள் பணம் கட்டவில்லை. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் செலவு, அன்றைய விதிப்படி ஒரு லட்சம் ரூபாய் வரை, அரசின் பொறுப்பு. நம் மாநிலத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எனக்கு இது ஒன்று போதும். விழுந்தபிறகு தாங்கிப் பிடிக்க நாம் நிறையச் செய்திருக்கிறோம். 2008இல் வந்த 108, அரசு மருத்துவமனைகளில் விபத்துச் சிகிச்சைக்கென்றே அமைந்த பிரிவுகள், பிறகு இந்தத் திட்டம். விழாமல் இருப்பதற்கு என்ன செய்தோம் என்று கேட்டால்தான் பதில் தடுமாறுகிறது.

அம்மா 19 நாள் இருந்தார். தலையில் அடி. ஒருமுறை கண் திறந்து, அடுப்பை அணைத்தாயா என்று கேட்டார். பிறகு பேசவில்லை.

பத்தொன்பதாம் நாள் இரவு, மருத்துவமனை வாசலில் நாங்கள் நின்றிருந்தபோது ஏட்டு தொலைபேசியில் அழைத்தார். நல்ல மனிதர், குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "அம்மா தவறிவிட்டார்களாமே. பிரிவை மாற்ற வேண்டும். மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள்." அதுவரை அம்மாவின் வழக்கு இந்திய தண்டனைச் சட்டம் 279, 338: அஜாக்கிரதையாக ஓட்டியது, கொடுங்காயம் விளைவித்தது. அவர் மூச்சு நின்றதும் 304ஏ, அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தது. புள்ளிவிவரத்துக்கு வேறொரு கணக்கு உண்டு. விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தால்தான் அதில் அது சாலை விபத்து மரணம். அம்மா 19ஆம் நாளில் போனதால் கணக்கில் சேர்ந்தார். இன்னும் 12 நாள் போராடியிருந்தால் "காயமடைந்தோர்" என்ற பத்தியிலேயே நின்றிருப்பார்.

புகார் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. ஆனால் வாசகம் என்னுடையது இல்லை. எதிரில் இருந்தவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: "மேற்படி வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து..." தமிழ்நாட்டில் எந்தக் காவல் நிலையத்தில் எந்த விபத்துக்கு முதல் தகவல் அறிக்கை போட்டாலும் இந்த இரண்டு வினையடைகளும் சேர்ந்தே வரும். எழுதும்போது எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது, பொய் சொல்ல மாட்டேன். யாரோ ஒருவன் செய்தான், அவன் பெயர் தெரியும், அவன்மீது வழக்கு இருக்கிறது. துக்கத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த வாசகம் ஆளைக் கொடுத்தது.

அந்த ஆள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலையில் வீட்டுக்கு வந்தான். கூடவே அவன் அம்மா. 20 வயதுகூட நிரம்பாத பையன், மணிக்கட்டில் மாவுக்கட்டு. படியேறாமல் தெருவிலேயே நின்றார்கள். அப்பாதான் போய் உள்ளே அழைத்தார். அந்த அம்மா அரைமணி நேரமும் தலை நிமிரவில்லை, தண்ணீரையும் தொடவில்லை. பையன் ஒன்றே ஒன்று சொன்னான்: "பார்த்தேன் சார். பிரேக் பிடித்தேன். நிற்கவில்லை." குடித்திருக்கவில்லை; கைப்பேசி பார்க்கவில்லை; தலையில் ஹெல்மெட் இருந்தது, அதனால்தான் மணிக்கட்டோடு தப்பினான். ஐம்பது, ஐம்பத்தைந்தில் வந்ததாகச் சொன்னான். அந்தச் சாலையில் எல்லாரும் வருகிற வேகம் அது. என் தம்பியும் அதே வேகத்தில்தான் அலுவலகத்திலிருந்து வருகிறான்.

அவர்கள் போனபிறகு, பத்தாம் வகுப்பில் படித்த இயக்கச் சமன்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 54 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 15 மீட்டர். ஒருவர் குறுக்கே வருவதைக் கண்டு, புரிந்து, கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகும். அதற்குள் வண்டி 15 மீட்டர் வந்துவிடும். காய்ந்த சாலையில் நல்ல டயரோடு நிற்க இன்னும் ஏறத்தாழ 17 மீட்டர். ஆக 32 மீட்டர். அதே பையன் 36 கிலோமீட்டரில் வந்திருந்தால்? நொடிக்கு 10 மீட்டர். நிற்க இன்னொரு 8. மொத்தம் 18 மீட்டர். இதுவரை எல்லோரும் ஊகிக்கக்கூடியதுதான். என்னை எழுந்து நடக்க வைத்தது அடுத்த கணக்கு. 36இல் வந்தவன் முழுதாக நின்றுவிட்ட அந்தப் பதினெட்டாவது மீட்டரில், 54இல் வந்தவனின் வண்டி இன்னும் 49 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். பிரேக் அப்போதுதான் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். "பிரேக் பிடித்தேன், நிற்கவில்லை" என்று அவன் சொன்னது சத்தியம்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டுமே. அப்பாவைத் தெருவில் நடக்கச் சொல்லிக் கடிகாரம் வைத்தேன். அவருக்கும் அம்மாவுக்கும் ஒரே நடை. 20 மீட்டருக்கு 25 நொடி, அதாவது நொடிக்கு 80 சென்டிமீட்டர். சாலையின் ஒரு பாதி மூன்று தடம்; தடத்துக்கு மூன்றரை மீட்டர் வீதம் பத்தரை மீட்டர். கடக்க 13 நொடி. அந்த 13 நொடியில் 54 கிலோமீட்டர் வண்டி ஏறத்தாழ 200 மீட்டர் வந்துவிடும். அப்படியானால் அம்மா பத்திரமாக மீடியனைத் தொட, 200 மீட்டர் தொலைவுக்கு எதுவும் வரவில்லை என்று பார்த்து இறங்கியிருக்க வேண்டும். அந்தி மங்கலில், ஒரு பஸ் மறைத்து நிற்க, கண்ணாடி போட்ட 63 வயதுப் பெண். நின்றிருந்த பஸ்ஸைத் தாண்டி அவருக்குத் தெரிந்தது எவ்வளவு என்று மறுநாள் அதே இடத்தில் நின்று பார்த்தேன். இருபது மீட்டர்கூட இல்லை.

சிக்னலில் போய்க் கடந்திருக்கலாமே என்று துக்கம் கேட்க வந்தவர்களே சிலர் கேட்டார்கள். அதையும் நடந்து அளந்தேன். சிக்னல் 430 மீட்டர் தள்ளி இருக்கிறது. போக 430, கடந்து இந்தப் பக்கம் திரும்பி வர 430. அம்மாவின் நடைக்கு 18 நிமிடம். போகவும் வரவும் சேர்த்தால் 36 நிமிடம் கூடுதல், அதுவும் நடைபாதை இருந்தால். வழியில் மின்பெட்டி ஒன்று, டீக்கடை மேசைகள், தோண்டி மூடாத பள்ளம், வரிசையாக நிறுத்திய வண்டிகள். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி நெறிகள் நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் கேட்கின்றன. நான் நடந்ததில் பெரும்பகுதி சாலையின் விளிம்பில், வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இரண்டு கட்டு சிறுகீரைக்காக அப்படி நடக்காத ஒருவரை அஜாக்கிரதை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நடைமேம்பாலம் கட்டலாம் என்பார்கள். முழங்கால் தேய்ந்தவர்களிடம் நாற்பது, ஐம்பது படி ஏறி இறங்கச் சொல்வது எந்த நியாயம்? வண்டி தரையிலேயே போகட்டும், மனிதன் மலையேறட்டும் என்கிற ஏற்பாடு அது. தரையில் கடக்க விடுங்கள். கடக்கும் இடத்தைச் சாலை மட்டத்திலிருந்து சற்று உயர்த்திப் போடுங்கள். வண்டி தானாக வேகம் குறையும். தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019இல் சாலையைக் குறுக்கி நடைபாதையை அகலப்படுத்தியபோது வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்தவர்கள் உண்டு. இன்று அங்கே பாட்டிகளும் குழந்தைகளும் நடக்கும் விதத்தைப் போய்ப் பாருங்கள். சென்னைக்கு நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குமான கொள்கை 2014இலேயே வந்துவிட்டது. பாண்டி பஜாரில் முடிந்தது பள்ளிக்கரணையில் ஏன் முடியாது என்பதுதான் என் கேள்வி.

2023 அக்டோபர் கடைசியில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு விபத்து அறிக்கை வெளிவந்தது. கல்லூரித் தோழி ஒருத்தி அதிலிருந்து ஒரு படம் அனுப்பினாள். சென்னை எவ்வளவு முன்னேறியிருக்கிறது பார் என்று நல்லெண்ணத்தோடுதான் அனுப்பினாள். உண்மைதான், எண் அப்படித்தான் இருந்தது. 2016இல் சென்னையில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,183 பேர். நாட்டில் டெல்லிக்கு அடுத்த இடம். 2021இல் 998. 2022இல் சுமார் 500. ஒரே ஆண்டில் பாதி! அந்த ஐந்நூற்றில் ஒருவர் என் அம்மா என்று நினைத்துக்கொண்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் அதில் இல்லை என்று புரிய இரண்டு நாள் ஆனது. 2022 ஜனவரி 1 முதல் சென்னைப் பெருநகரக் காவல் எல்லை பிரிக்கப்பட்டு, தாம்பரம், ஆவடி என இரண்டு புதிய காவல் ஆணையரகங்கள் வந்தன. பள்ளிக்கரணை தாம்பரம் ஆணையரகத்துக்குப் போய்விட்டது. நாங்கள் சொத்துவரி கட்டுவது சென்னை மாநகராட்சிக்கு, 14ஆவது மண்டலத்தில். வாக்களிப்பது சென்னை மாநகராட்சி வார்டில். அம்மாவின் இறப்புச் சான்றிதழிலும் முகவரி சென்னைதான். ஆனால் விபத்துக் கணக்கில் அவர் சென்னை இல்லை. அந்த அறிக்கையில் 50 பெருநகரங்களின் பட்டியல் தனியே உண்டு. தமிழ்நாட்டிலிருந்து சென்னை, கோவை, மதுரை, திருச்சி. தாம்பரம் என்ற வரி அதில் கிடையாது. அம்மா மாநிலக் கணக்கான 17,884இல் மட்டும் இருக்கிறார். எந்த நகரத்திலும் இல்லை.

எண் முழுவதும் எல்லைக் கோட்டால்தான் குறைந்தது என்று நான் சொல்ல வரவில்லை. 2022 மே மாதத்திலிருந்து சென்னையில் பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று காவல்துறை முனைப்போடு நின்றது. அக்டோபரில் அபராதங்கள் உயர்ந்தன. இவற்றால் உயிர்கள் பிழைத்திருக்கும் என்று மனதார நம்புகிறேன். ஆனால் புறநகரை வெட்டி எடுத்துவிட்டால், அகலமான, வேகமான, நடைபாதை இல்லாத சாலைகள் பெரும்பாலும் கணக்கைவிட்டு வெளியே போய்விடுகின்றன. மிஞ்சுவது நெரிசலான நகரம். நெரிசலில் அடிபடுவார்கள், இறப்பது குறைவு. இரண்டு வெவ்வேறு ஊர்களை ஒரே பெயரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குறைந்தது என்று சொல்வதை எப்படி ஏற்பது?

மாநிலக் கணக்கிலும் இதுபோல ஒன்று நடந்திருக்கிறது, அது இன்னும் வேதனை. 2018இல் தமிழ்நாட்டில் இறந்தவர்கள் 12,216 பேர் என்றும், 2019இல் 10,525 என்றும் முதலில் வெளியானது. 2016இன் 17,218உடன் ஒப்பிட்டு நாடே நம்மை முன்மாதிரி என்று பேசியது. எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது. பின்னால் வந்த அறிக்கைகளில் அதே ஆண்டுகளுக்கு 18,394, 18,129 என்று திருத்திய எண்கள் இருக்கின்றன. 2019இல் மட்டும் இடையில் 7,600 பேர். ஒரு சிறு நகரத்துப் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றையும் நிரப்பக்கூடிய ஆட்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வீட்டில் காரியம் நடந்திருக்கும், ஒரு ஏட்டு தொலைபேசியில் அழைத்திருப்பார். எண் மட்டும் சில ஆண்டுகள் அவர்களைப் பற்றிப் பேசாமல் இருந்தது.

ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை வரும் மொத்த எண்ணைப் பார்த்து மகிழ்வதையும் வருந்துவதையும் நான் விட்டுவிட்டேன். எனக்கு வேண்டியது இடம். எல்லை மாறும், பிரிவு மாறும், அம்மா விழுந்த இடம் மாறாது. விபத்து நடந்த மறுநாள் ஏட்டு அங்கே போய்த் தன் கைப்பேசியில் இடத்தைக் குறித்ததை நான் பார்த்தேன். ஐ.ஐ.டி. மெட்ராஸ் உருவாக்கி, 2021இலிருந்து தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கும் ஐராட் என்ற செயலி அது. காவல்துறை, போக்குவரத்துத் துறை, நெடுஞ்சாலைத் துறை, மருத்துவமனை என நால்வரும் தங்கள் பங்கைப் பதிய வேண்டும் என்பது ஏற்பாடு. அம்மா விழுந்த இடம் அட்சரேகை, தீர்க்கரேகையாக எங்கோ ஒரு கணினியில் பத்திரமாக இருக்கிறது. அந்தப் புள்ளிகளை எல்லோரும் பார்க்கும் வரைபடமாக வெளியிடுங்கள். பெயர் வேண்டாம், வழக்கு எண் வேண்டாம். எந்த நிறுத்தத்தின் எதிரில், எந்த மணிக்கு, நடந்தவரா வண்டியில் வந்தவரா என்பது போதும். என் தெருவில் இருப்பவர்கள் அதைப் பார்த்தால் என்ன கேட்க வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

இப்போது இருக்கும் முறை எப்படி என்றால், தேசிய நெடுஞ்சாலையில் 500 மீட்டருக்குள் மூன்று ஆண்டில் பத்துப் பேர் இறந்தால், அல்லது உயிரிழப்போ படுகாயமோ நேர்ந்த ஐந்து விபத்துகள் நடந்தால், அது கரும்புள்ளி. பிறகு ஆய்வு, பிறகு நிதி, பிறகு ஒரு மஞ்சள் பலகை: "விபத்துப் பகுதி, மெதுவாகச் செல்லவும்". ஓர் இடம் ஆபத்தானது என்று தெரிவதற்கு எத்தனை அம்மாக்கள் விழ வேண்டும் என்று அதில் எண் போட்டே எழுதியிருக்கிறது. பஸ் நிறுத்தம் ஒரு பக்கம், குடியிருப்பு மறுபக்கம், நடுவில் ஆறு தடம், பிடுங்கிய கம்பி. ஒரு பொறியாளர் ஒரு மாலை நின்று பார்த்தால் தெரியாதா?

தேசம் முழுவதும் 2022இல் இறந்தவர்களில் 71 விழுக்காட்டினரின் மரணத்துக்கு அதிவேகமே காரணம் என்கிறது அறிக்கை. அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் என் கையெழுத்தில் இருக்கும் அந்தப் புகார்தான் நினைவுக்கு வருகிறது. அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும். வேகம் கொல்லும், என் கணக்கே அதைத்தான் சொல்கிறது. ஆனால் சாலையை ஓடுபாதைபோல நேராக, அகலமாகப் போட்டு, கடக்க வழி வைக்காமல் விட்டுவிட்டு, 20 வயதுப் பையனின் வேகத்தை மட்டும் எழுதி வழக்கை மூடுவது பாதி உண்மை. தவறான சாலை வடிவமைப்புக்கு அதைப் போட்டவர்களே பொறுப்பு என்று 198ஏ பிரிவும் 2019இல் சட்டத்தில் வந்தது, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதத்தோடு. அம்மாவின் வழக்குக் கட்டு முழுவதையும் வாசித்துவிட்டேன். சாலையைப் பற்றி அதில் ஒரு வரி இருக்கிறது: "தார்ச்சாலை, நல்ல நிலையில் உள்ளது."

ஓட்டுநரைத் தாண்டிக் கேள்வி கேட்டால் ஊர் மாறும் என்பதை எங்கள் பகுதியிலேயே பார்த்திருக்கிறோம். 2019 செப்டம்பரில் பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலையில், மீடியனில் கட்டியிருந்த பேனர் சரிந்து ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண்மீது விழுந்தது. பின்னால் வந்த லாரி ஏறி அவர் இறந்தார். லாரி ஓட்டியவரோடு அது முடியவில்லை. பேனர் வைத்தது யார், அனுமதித்தது யார் என்று ஊர் முழுக்கக் கேட்டது, உயர் நீதிமன்றம் கேட்டது. கட்சிகள் தாமாகவே பேனர் வேண்டாம் என்று தொண்டர்களுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. அதே சாலைகளில் சில மாதங்கள் வானம் தெரிந்தது எனக்கு நினைவிருக்கிறது.

அந்தப் பையன்மீது இழப்பீட்டு வழக்கு நடக்கிறது, சட்டப்படி நடக்கட்டும். அவனை மன்னித்தேனா என்று கேட்கிறார்கள். அவன்மீது எனக்குக் கோபம் இருக்கிறது, போகவில்லை. ஆனால் அவன் 36இல் வந்திருக்க வேண்டும் என்று யாரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை, சாலையும் சொல்லவில்லை. 2023 நவம்பரில் சென்னைக் காவல் எல்லைக்குள் இருசக்கர வண்டிக்கு 50 கிலோமீட்டர், குடியிருப்புத் தெருக்களில் எல்லா வண்டிக்கும் 30 என்று வேகவரம்பு வந்தது. பஸ் நிறுத்தம் இருக்கும் இடம் குடியிருப்பில்லையா? அங்கே 30 என்று வைக்க வேண்டும், பலகையோடு நிற்காமல் சாலையையே அதற்கேற்ப வளைக்கவும் உயர்த்தவும் வேண்டும் என்று மூன்று மனு எழுதிவிட்டேன். நான்காவதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை ஒரு கணக்கும் சேர்த்திருக்கிறேன்: ஒரு வியாழக்கிழமை மாலை ஆறிலிருந்து ஏழு வரை அதே இடத்தில் நின்று எண்ணியதில், கடந்தவர்கள் 212 பேர். அதில் 31 பேர் கையில் குழந்தையோடு.

அம்மா போய் இரண்டு மாதம் கழித்து மீடியன் இடைவெளியைக் கான்கிரீட் வைத்து அடைத்தார்கள். இப்போது எழுபது மீட்டர் தள்ளி இன்னொரு கம்பி வளைந்திருக்கிறது.

கீரை அக்கா இடம் மாறிவிட்டார். காரியம் முடிந்த மறுவாரம் பார்த்தேன், எங்கள் பக்கத்தில் மருந்துக்கடை ஓரமாகக் கோணியை விரித்து உட்கார்ந்திருந்தார். ஏன் அக்கா இங்கே என்றேன். "அங்கே இருந்தால் எல்லோரும் கடந்து வருகிறார்களே பாப்பா" என்றார். பஸ்ஸில் இறங்குகிறவர்கள் அந்தப் பக்கம். இங்கே வியாபாரம் மட்டுதான், பாதி நாள் கூடை காலியாவதில்லை. நான்கு மணிக்கு அவர் மட்டும் சுமையைத் தலையில் வைத்துக்கொண்டு கடந்து வருகிறார், எட்டு மணிக்குத் திரும்புகிறார். வீட்டில் இருக்கும் நாட்களில் எட்டு மணிக்கு நான் கூடப் போகிறேன். நேற்று நான்கு கட்டு சிறுகீரை மிச்சம். இரண்டை என் பையில் வைத்துவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு, கையை நீட்டு பாப்பா என்றார். நீட்டினேன். மூன்றாவது தடத்தில் வந்த ஒரு கார் மட்டும் நின்றது.